சைக்கோடைனமிக்: உளவியக்கவியலா, உளவிசை அணுகுமுறையா?

டர்பன், சொற்பட்டியல் தொகுப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கான உளவியல் சொற்பட்டியலில் 'சைக்கோடைனமிக் அப்ரோச்' (நமக்கே தெரியாத மன மோதல்கள் நடத்தையை உருவாக்குகின்றன என்னும் பார்வை) என்ற பதிவு இன்னும் முடியவில்லை. 'உளவியக்கவியல்' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஆசிரியப் பயிற்சியில் 'சைக்கோமோட்டார்' என்பதற்கும் உளவியக்கம் என்றே சொல்கிறோம். பென்சில் பிடிப்பதும் பந்தைப் பிடிப்பதும் அதில் அடங்கும். இரண்டும் ஒரே பட்டியலில் வந்தால் ஆசிரியர் குழம்புவார். 'உளவியங்கியல்' என்றால் மார்க்சிய இயங்கியல் நினைவுக்கு வரும். 'உளப்பகுப்பாய்வு' என்று முடித்துவிடவும் வழியில்லை. அது ஆஸ்திரிய மருத்துவர் ஃப்ராய்டின் முறைக்கு உரிய பெயர். அதிலிருந்து கிளைத்துத் தனிவழி கண்ட யுங், அட்லர், மெலனி க்ளைன், வின்னிகாட் எல்லோரையும் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயர்தான் நமக்கு வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மருத்துவ உளவியலாளர்:

ஐயா, 'உளவிசை அணுகுமுறை' என்று வைக்கலாம். ஃப்ராய்டின் ஆசிரியர் ப்ரூக்கே, உயிருடலை ஆற்றல்கள் செயல்படும் அமைப்பாகப் பார்த்த உடலியலாளர். அந்தப் பள்ளியில் பயின்ற ஃப்ராய்ட் அதே பார்வையை மனத்துக்குக் கொண்டுவந்தார். ஆசை ஒரு பக்கம் இழுக்கும், தடை மறுபக்கம் இழுக்கும், இடையில் பதற்றம் எழும், அதைத் தணிக்க மனம் ஒரு அரணைக் கட்டும். இந்த இழுபறிதான் 'டைனமிக்'. அசைவு என்ற பொருள் இங்கே முதன்மையானது அல்ல.

சிகிச்சை அறையில் இதன் வலிமை தெரியும். உளச்சிகிச்சையாளர் மலான் வரைந்த முக்கோணத்தின் மேல் இரு முனைகளில் அரணும் பதற்றமும், கீழ்முனையில் மறைந்த உணர்வு. சிகிச்சையாளர் முதலில் அரணைக் காட்டுவார் ("அம்மாவைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டீர்கள்"), பிறகு பதற்றத்துக்குப் பெயர் கொடுப்பார், கடைசியில்தான் உணர்வைத் தொடுவார். அவசரப்பட்டு முதல் சந்திப்பிலேயே "உங்களுக்கு அம்மா மேல் கோபம்" என்றால் பதற்றம் கூடும், அரண் இன்னும் இறுகும், அடுத்த வாரம் அவர் வரமாட்டார். முறை அங்கே தோற்பதில்லை, வரிசைதான் தவறுகிறது.

இதனால் வேறு இரண்டு சொற்களையும் மாற்ற வேண்டும். டிஃபென்ஸ் மெக்கானிசத்துக்கு 'தற்காப்பு உத்தி' வேண்டாம். உத்தி என்றால் தெரிந்தே செய்வது. 'உளவரண்' சரி. தெரிந்து செய்வது 'அடக்கல்', தெரியாமலே நிகழ்வது 'அமிழ்த்தல்'. முன்னது சப்ரஷன், பின்னது ரிப்ரஷன். இந்த வேறுபாடு போனால் கோட்பாடே போய்விடும்.

கேப் டவுன், ஆய்வுமுறை விரிவுரையாளர்:

'உளவிசை' எனக்குச் சம்மதம், அதிலும் '-இயல்' இல்லாமல் 'அணுகுமுறை' என்று முடிப்பதற்காகவே. அறிவியல் என்ற உரிமையைப் பெயரிலேயே கொடுத்துவிடக் கூடாது. மகன் தந்தையை வெறுக்கிறேன் என்றால் கோட்பாடு மெய். மிகவும் நேசிக்கிறேன் என்றால், வெறுப்பு எதிர்வடிவம் எடுத்தது, அப்போதும் மெய். எந்த விடை வந்தால் கோட்பாடு பொய்யாகும்? அறிவியல் தத்துவவாதி போப்பர் எழுப்பிய இந்தக் கேள்வி இன்றும் நிற்கிறது. சான்றும் மெலிது. குதிரைக்கு அஞ்சிய ஒரு சிறுவனைப் பற்றி ஃப்ராய்ட் எழுதி 1909இல் வெளிவந்த 'குட்டி ஹான்ஸ்' ஆய்வு பெரும்பாலும் சிறுவனின் தந்தை எழுதி அனுப்பிய குறிப்புகளின் மேல் நிற்கிறது. சிகிச்சைக்காக ஃப்ராய்ட் அவனைப் பார்த்தது ஒரே முறை.

எதிர்ப்பக்கமும் எண்களை நேர்மையாகப் படிக்க வேண்டும். 1952இல் உளவியலாளர் ஐசென்க், உளப்பகுப்பாய்வில் தேறியவர் 44%, முறையான சிகிச்சை இல்லாமலே தேறியவர் 72% என்று எழுதினார். நடுவில் நின்றுவிட்டவர்களையும் தேறாதவர்களாகக் கணக்கிட்டதால் வந்த எண் அந்த 44%. அவர்களை விலக்கினால் 66% என்று அதே கட்டுரை சொல்கிறது. மேற்கோள் காட்டுவோர் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிற்காலத்தில், வாரம் ஒன்றாகச் சில மாதங்கள் நடக்கும் குறுகியகால வடிவத்தைச் சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனைகளில் (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல்போல் முடிவுசெய்பவை) பார்த்தபோது மனச்சோர்வுக்குப் பலன் தெரிந்தது. வாரம் நான்கைந்து நாள், ஒவ்வொரு முறையும் 50 நிமிடம், பல ஆண்டுகள் நடக்கும் முழுப் பகுப்பாய்வை அப்படிச் சோதிப்பது மிகக் கடினம்.

எங்கள் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் நரம்பு உளவியலாளர் மார்க் சோல்ம்ஸ், முன்மூளையின் அடிப்பகுதி வெண்பொருள் சிதைந்தவர்கள் கனவை இழந்தும் ரெம் தூக்கத்தை (கண்கள் வேகமாக அசையும், கனவோடு சேர்த்துச் சொல்லப்படும் தூக்கநிலை) இழக்கவில்லை என்று காட்டினார். கனவில் வேட்கைக்குப் பங்குண்டு என்பதற்கு இது துணை. கனவு மாறுவேடமிட்ட ஆசை என்பதற்குத் துணை அல்ல.

சாட்ஸ்வொர்த், சமூகப் பணியாளர்:

'உளவிசை' என்றால் எல்லா விசையும் உள்ளேதான் என்று ஆகிவிடுமே என்பதுதான் என் கவலை. நம் தென்னாப்பிரிக்காவிலேயே சான்று உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கில் உளப்பகுப்பாய்வாளர் வுல்ஃப் ஸாக்ஸ் ஓர் ஆப்பிரிக்க வைத்தியரைப் பகுப்பாய்ந்து 1937இல் நூலாக்கினார். அந்த வைத்தியரின் தயக்கத்துக்கு, செயலில் தயங்கும் ஷேக்ஸ்பியர் நாயகன் ஹாம்லெட்டையும் தாய் தந்தையரையும் காரணமாகக் காட்டினார். நடமாடக் கையில் பாஸ் (அரசின் அனுமதிச் சீட்டு) வேண்டியிருந்த மனிதருக்குத் தயக்கம் வர வெளியிலேயே போதிய காரணம் இருந்தது. இனவாரியாக வசிப்பிடம் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து இங்கே தள்ளப்பட்ட குடும்பத்துத் தாத்தாவின் துயரத்தையும் குழந்தைப்பருவத்தில் மட்டும் தேட முடியாது.

காவடித் திருவிழாவில் அருள் வந்து ஆடுவதும் அப்படித்தான். அதை அமிழ்ந்த ஆசையின் வெடிப்பு என்று யாரும் விளக்கிவிடலாம். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடான 2013இன் டி.எஸ்.எம்-5, பிளவுண்ட அடையாளக் கோளாறுக்கான (ஒருவருக்குள் பல அடையாளங்கள் தோன்றுவது) அளவுகோலிலேயே, பரவலாக ஏற்கப்பட்ட சமய வழக்கம் நோயாகாது என்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது: விழாவுக்கு வெளியேயும் வருகிறதா? அவருக்கு அது துன்பமா? வேலையும் வீடும் தடைபடுகின்றனவா?

டர்பன், சொற்பட்டியல் தொகுப்பாளர்:

அக்கா சொன்னதைக் குறிப்பிலேயே சேர்த்துவிட்டேன். பதிவு இப்படிப் போகிறது:

*உளவிசை அணுகுமுறை:* நனவிலி மனத்தில் ஒன்றோடொன்று மோதும் விசைகளும், தொடக்ககால உறவுகளும் நடத்தையை உருவாக்குகின்றன என்னும் பார்வைகளின் தொகுதி. வறுமை, இடப்பெயர்வு, சட்டம் போன்ற புறக்காரணங்களை இது தானாக விளக்காது. தனியே விசாரிக்க வேண்டும்.

'நனவிலி' இருக்கட்டும். 'ஆழ்மனம்' ஜோதிடப் பக்கம் முதல் தன்னம்பிக்கைப் பேச்சு வரை எல்லாவற்றுக்கும் ஓடுகிறது. இனி 'டிரான்ஸ்ஃபரன்ஸ்' பாக்கி. 'இடப்பெயர்ச்சி' டிஸ்பிளேஸ்மென்ட்டுக்கு (மேலதிகாரி மேலுள்ள கோபத்தை வீட்டில் காட்டுவது) போய்விட்டது. தந்தையிடம் இருந்த அச்சம் சிகிச்சையாளர் மேல் வந்து விழுவதை 'உறவுப் பெயர்ச்சி' எனலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பைச் சொல்லுங்கள்.