பழைய மாசி பெர்குசன் 35 டிராக்டர்: டைனமோவைச் சரிபண்ணுவதா, ஆல்டர்னேட்டருக்கு மாறுவதா?

தேவகோட்டை உழவு
மாசி 35, மூன்று சிலிண்டர் டீசல், லூகாஸ் டைனமோ. ரேஸ் கொடுத்தாலும் சார்ஜிங் லைட் அணையவில்லை, ஆம்பியர் முள் நடுவை விட்டு நகரவில்லை. பேட்டரியை வெளியே சார்ஜ் போட்டால் இரண்டு நாள் ஓடுகிறது. ஒரு பட்டறையில் கட்-அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் பெட்டி) மாத்தினால் போதும் என்கிறார்கள், இன்னொன்றில் டைனமோவையே கழற்றிவிட்டு கார் ஆல்டர்னேட்டர் வைக்கச் சொல்கிறார்கள். இரவு உழவுக்கு ஹெட்லைட் இரண்டும் பின்னால் ஒரு உழவு லைட்டும் எரியணும். எதைச் செய்ய?

ஆர்மேச்சர்
இரண்டு பட்டறையும் சோதிக்காமல் சொல்கிறது. முதலில் பெல்ட்டைப் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழணும், அதற்கு மேல் தொய்ந்தால் டைனமோவைக் குற்றம் சொல்லாதீர்கள்.

பெல்ட் சரி என்றால் டைனமோவில் இருந்து இரண்டு வயரையும் எடுத்துவிடுங்கள். பெரிய முனை டி, சின்ன முனை எஃப். இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் டைனமோ உடம்புக்கும் இடையே மல்டிமீட்டர். வண்டியை ஐடிலில் விட்டு ரேஸை மெதுவாக ஏற்றுங்கள். வோல்ட் சீராக ஏறினால் டைனமோ நல்லது, கோளாறு கட்-அவுட்டிலோ வயரிலோ. 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள், காயில் கருகிவிடும். முள் அசையவே இல்லை என்றால் கார்பன் பிரஷ் கோளாறு. அரை முதல் ஒரு வோல்ட்டோடு நின்றால் உடம்போடு நிற்கும் பீல்டு காயில். நாலு, ஐந்தில் நின்றால் உள்ளே சுற்றும் ஆர்மேச்சர். பத்து நிமிட வேலை, செலவு இல்லை.

புதுவயல் வயரிங்
சோதனை சரிதான் அண்ணே, ஆனால் கணக்கையும் போடுங்க. 45 வாட் லைட் மூன்று என்றால் 135 வாட், 12 வோல்ட்டுக்கு 11 ஆம்பியருக்குச் சற்று மேல். டிராக்டருக்கு வந்த சில லூகாஸ் டைனமோக்கள் 11 ஆம்பியர்தான் தரும். அதுவும் முழு ரேஸில். வரப்பில் திருப்பும்போது ஐடிலில் கட்-அவுட் திறந்துவிடும், அந்த நேரமெல்லாம் லைட் பேட்டரியைத்தான் தின்னும். 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஐடிலிலேயே சார்ஜ் போடும். செம்மண் புழுதியில் கம்யூட்டேட்டர் (கார்பன் உரசும் செம்புத் துண்டு வளையம்) தேய்கிற தொல்லையும் இல்லை.

ஆர்மேச்சர்
தம்பி, அதே உடம்பில் 22 ஆம்பியர் டைனமோவும் உண்டு. பக்கவாட்டில் மாடல் எண்ணும் செய்த மாத வருடமும் குத்தியிருக்கும், துடைத்துப் படித்துவிட்டுக் கணக்குப் போடலாமே. இன்னொன்றை நீங்க சொல்லவில்லை. சில டைனமோவில் பின் முனையில் மீட்டர் கேபிள் மாட்டியிருக்கும். டைனமோவைக் கழற்றினால் ஆர்.பி.எம் மீட்டரும் மணிக்கணக்கும் செத்துவிடும். பி.டி.ஓ.வில் (பின்னால் கருவிகளை ஓட்டும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றைக் காதால் கேட்டுப் பிடிக்கச் சொல்வீங்களா?

புதுவயல் வயரிங்
கேபிள் இருந்தால் நானும் டைனமோ பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். இல்லாத வண்டிக்குத்தான் சொன்னேன்.

மாற்றுகிறவர்கள் மூன்று இடத்தில் தப்பு செய்கிறார்கள். ஒன்று, எர்த். பழைய லூகாஸ் வண்டி பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில். அப்படியே ஆல்டர்னேட்டரை மாட்டினால் டயோடு அந்த நொடியே போகும். பேட்டரியைத் திருப்பி நெகடிவ்வைப் பாடிக்குக் கொண்டுவந்து, ஆம்பியர் மீட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்றணும். ஸ்டார்டர் மோட்டார் எப்படி இருந்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும், அதற்குப் பயம் வேண்டாம்.

இரண்டு, பழைய கட்-அவுட் பெட்டி. ஆல்டர்னேட்டரில் சார்ஜ் வெளிவரும் பி பிளஸ் முனையைப் பெட்டியின் டி முனையில் சொருகிவிடுகிறார்கள். கட்-அவுட் காயில் டி-க்கும் எர்த்துக்கும் நடுவே இருக்கிறது. வண்டி நின்றாலும் பேட்டரி கரண்ட் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரியெல்லாம் கசிந்து காலையில் ஸ்டார்ட்டுக்கு "டிக்" சத்தம் மட்டும் வரும். பெட்டியை விட்டுவிட்டு 6 ஸ்கொயர் எம்.எம். வயரை நேரே ஆம்பியர் மீட்டருக்குக் கொண்டுபோங்கள். மீட்டர் 30 ஆம்பியர் முள் என்றால் 35 ஆம்பியரை அதில் விடாதீர்கள், பெரிய மீட்டர் போடணும்.

மூன்று, சார்ஜிங் லைட். அதன் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகும். எல்.இ.டி. பல்பு போட்டால் ரேஸ் கொடுத்தாலும் எழும்பாது. பழைய 2.2 வாட் பல்பே இருக்கட்டும்.

கண்மாய்க்கரை
நாலாவது புல்லி. டிராக்டர் பெல்ட் அகலம், கார் ஆல்டர்னேட்டர் புல்லியின் பள்ளம் குறுகல். பெல்ட் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரில் உட்காரணும், அடியைத் தொட்டால் வழுக்கும். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, வழுக்கினால் சார்ஜும் போகும், வண்டியும் சூடாகிவிடும். மூன்று புல்லியும் ஒரே நேரில் இருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து வாஷர் போடுங்கள்.

பேட்டரியையும் சொல்லிவிடுகிறேன். 1953-இல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற காரைக்குடிப் பக்கத்திலேயே இன்னும் போர்வெல் தண்ணீரைப் பேட்டரியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பு பிளேட்டைத் தின்றுவிடும், பிறகு எந்தச் சார்ஜரும் உதவாது.

தேவகோட்டை உழவு
சோதித்தேன். பெல்ட் சரி. நாலரை வோல்ட்டில் நிற்கிறது. பாடியில் பாசிட்டிவ். பின் முனையில் கேபிள் இருக்கிறது, மீட்டர் ஓடுகிறது. மாடல் எண் தேய்ந்துபோயிருக்கிறது.

ஆர்மேச்சர்
ஆர்மேச்சர்தான். கட்-அவுட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். ரீவைண்டிங்குக்குக் கொடுக்கும்போது நாலைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, கம்யூட்டேட்டரை லேத்தில் மெல்லச் சீவி, துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் மைக்காவை 0.8 மி.மீ. ஆழத்துக்கு வெட்டணும். பல பட்டறையில் லேத்தோடு நிறுத்திவிடுவார்கள், மைக்கா துருத்திக்கொண்டு கார்பனைத் தூக்கும், தீப்பொறி பறக்கும். இரண்டு, கார்பன் கால் அங்குலத்துக்குக் கீழே தேய்ந்திருந்தால் புதுசு. மூன்று, பின் புஷ் வெண்கலப் பொடியில் செய்தது, 24 மணி நேரம் மெல்லிய என்ஜின் ஆயிலில் ஊறவைத்துத்தான் அடிக்கணும். நாலு, பீல்டு காயிலை ஓம் பார்க்கச் சொல்லுங்கள், சுமார் 6 ஓம் வரணும்.

மாட்டிய பிறகு துருவம் ஏற்றணும். பெட்டியில் இருந்து எஃப் வயரைக் கழற்றி, பேட்டரியில் எர்த்தில்லாத முனையில் ஒரு நொடி வீதம் இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுங்கள், பொறி தெறிக்கும். பெட்டியில் இருந்து கழற்றாமல் தொட்டால் உள்ளே பாயின்ட் கருகும்.

புதுவயல் வயரிங்
கேபிள் இருக்கிறது என்றதும் நான் விட்டுவிட்டேன். ஆனால் மாடல் எண் தெரியாததால் அது 11 ஆம்பியரா 22-ஆ என்று யாருக்கும் தெரியாது. ரீவைண்டிங் ஆன பிறகு நடு ரேஸில் மூன்று லைட்டையும் போட்டு முள்ளைப் பாருங்கள். மைனஸ் பக்கம் சாய்ந்தால் உழவு லைட்டை எல்.இ.டி.க்கு மாற்றுங்கள், 18 வாட்டே உழவுக்குப் போதும். ஆனால் பாசிட்டிவ் எர்த்தில் அதன் பாடியை நேரே ஸ்டேண்டில் முடுக்கினால் எரியாது சில மாடல், இரண்டு வயரையும் தனியாக இழுத்து, சிவப்பு வயரை எர்த்திலும் கறுப்பை ஸ்விட்ச்சிலும் கொடுங்கள்.

ஆர்மேச்சர்
அதில் மறுப்பு இல்லை தம்பி. ஸ்டேண்டுக்கும் லைட்டுக்கும் நடுவே ரப்பர் வாஷர் வைக்கச் சொல்லுங்கள், பாடியே நெகடிவ்வாக இருக்கிற லைட் என்றால் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும்.