முனைவர் பட்டத்துக்கு நிபோங் திபால் வருகிறவர்களுக்கு: தரவரிசை எண்ணுக்குள் என்ன இருக்கிறது

வீடு எங்கே பார்ப்பது, இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்றெல்லாம் இங்கே நிறைய பேர் எழுதிவிட்டார்கள். இந்த மாதம் மூன்று பேர் என்னிடம் கேட்டது வேறு. ஒரே பல்கலைக்கழகம் உலகத் தரவரிசைப் பட்டியல் ஒன்றில் 60ஆம் இடம், இன்னொன்றில் 250க்கும் கீழே. எதை நம்பி ஆய்வுக்குச் சேர்வது அக்கா? ஒன்பது வருடம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கட்டுரைக் கணக்கு எடுக்கிற வேலை பார்த்தவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்த 60 மலாயாப் பல்கலைக்கழகம், கியூஎஸ் என்ற நிறுவனம் வெளியிட்ட 2025க்கான பட்டியலில். அதே ஆண்டுக்கான டைம்ஸ் உயர்கல்விப் பட்டியலில் அது 251–300 என்ற வரிசையில் இருக்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்று நினைத்துவிடாதீர்கள். அளந்த படி வேறு, அவ்வளவுதான்.

கியூஎஸ் நூற்றுக்கு 30 மதிப்பெண்ணை உலகப் பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்டுத் தருகிறது. இன்னொரு 15 வேலை தருகிற நிறுவனங்களைக் கேட்டு. ஆக, பாதிக்குக் கொஞ்சம் குறைவு பெயருக்கும் புகழுக்கும் போய்விடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதற்கு 20. வெளிநாட்டு ஆய்வுக் கூட்டுக்கு ஒரு 5. மிச்சம் ஆசிரியர்-மாணவர் விகிதம், வெளிநாட்டினர் எண்ணிக்கை, வேலைவாய்ப்பு போன்றவற்றுக்குப் பிரிந்துபோகிறது.

அந்த 20 எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் ஐந்து வருடக் கட்டுரைகளை எடுப்பார்கள். அவற்றுக்கு ஆறு வருடத்தில் கிடைத்த மேற்கோள்களை எண்ணுவார்கள், தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழிப்பார்கள், மொத்தத்தை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுப்பார்கள். வகுக்கிற எண் சின்னதானாலும் விடை பெரிதாகும், அதையும் மனதில் வையுங்கள். மருத்துவக் கட்டுரைக்கு மேற்கோள் கொட்டும், வரலாற்றுக் கட்டுரைக்குச் சொட்டும். அதனால் துறைகளுக்கிடையே சமன் செய்கிற ஏற்பாடும் உண்டு.

டைம்ஸ் பட்டியல் இந்தச் சமன் செய்கிற வேலையை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. ஒரு கட்டுரையை அதே துறையில், அதே ஆண்டில் வந்த மற்ற கட்டுரைகளின் உலகச் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால் வெட்டியவர். வாளி நிறைந்திருந்தால் மட்டும் போதாது, ஸ்டோரில் மிதவை விட்டுப் பார்த்து, தண்ணீர் போக உலர்ந்த கித்தா எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கூலி என்பார். அதே மாதிரிதான் இதுவும். ஆய்வின் தரத்துக்கு 30 மதிப்பெண் தருகிறார்கள், அதில் 15 இந்த ஒப்பீட்டுக்கு. ஆய்வுச் சூழல் என்று தனியாக 29 இருக்கிறது. ஆனால் அதில் 18 மறுபடியும் கருத்துக்கணிப்புதான்.

2003இல் தொடங்கிய ஷாங்காய்ப் பட்டியல் நம் தேடலுக்குப் பெரிதாக உதவாது. நோபல், ஃபீல்ட்ஸ் விருது வாங்கிய ஆசிரியர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்குமே அதில் 30 போய்விடுகிறது.

இப்போது நம் ஊர் விஷயம். நிபோங் திபாலை ஒட்டிய டிரான்ஸ்கிரியானில் செம்பனைக்கு நடுவே இருக்கிற யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்துக்குத்தான் உங்களில் பலர் வருகிறீர்கள். பட்டியலில் நீங்கள் பார்க்கிற எண் இந்த வளாகத்துக்கு மட்டும் உரியதில்லை. பினாங்குத் தீவின் முதன்மை வளாகம், கிளந்தானில் குபாங் கெரியான் மருத்துவ வளாகம் எல்லாம் ஒரே பானையில் வெந்தது அது. பாடவாரிப் பட்டியல் கொஞ்சம் நெருங்கி வரும், அதுகூட உங்கள் வழிகாட்டியின் வாசல்வரை வராது. மூன்று வருடமோ நான்கு வருடமோ அந்த ஒருவரோடுதானே உட்காரப் போகிறீர்கள்? அவர் பெயரை ஸ்கோபஸிலோ கூகுள் ஸ்காலரிலோ போட்டுப் பாருங்கள். கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா, அந்த மாணவர்கள் பட்டம் முடித்தார்களா என்று தேடுங்கள். அவர்களில் ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று. கணக்கு எடுத்த காலத்தில் எனக்கு அதிகம் வலித்தது இதுதான். கட்டுரையில் நீங்கள் எழுதுகிற பல்கலைக்கழகப் பெயரை வைத்துத்தான் மேற்கோள் யார் கணக்கில் விழும் என்று முடிவாகிறது. ஒரு மாணவி தன் கட்டுரையில் ஆய்வுக்கூடத்தின் பெயரை மட்டும் போட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிட்டாள். நல்ல கட்டுரை, நிறைய பேர் மேற்கோள் காட்டினார்கள், எங்கள் பட்டியலில் மட்டும் வரவேயில்லை. திருத்தி வாங்க மாதக்கணக்கில் கடிதம் எழுதினோம். உங்கள் பல்கலை சொல்கிற முழுப்பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். ஆர்கிட் எண்ணை, அதாவது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடைக்கிற அடையாள எண்ணை, முதல் மாதமே எடுத்துவிடுங்கள். நம் ஊர் முன்னெழுத்துப் பழக்கத்தால் ஒரே ஆள் தரவுத்தளத்தில் மூன்று ஆளாகப் பிரிந்து கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பட்டம் வாங்கக் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. அந்த அவசரத்தைக் குறிவைத்து, இரண்டு வாரத்தில் போட்டுத் தருகிறோம், இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வரும். கட்டாதீர்கள். ஸ்கோபஸ் தன் இதழ்ப் பட்டியலை இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறது. இன்று அதில் இருக்கிற இதழை நாளை நீக்கவும் செய்வார்கள். அதனால் வழிகாட்டியிடமும் நூலகரிடமும் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

தமிழ் ஆய்வுக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் நடந்தது கோலாலம்பூரில்தான். அதை முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் இருந்தவர். அந்தத் துறையில் நீங்கள் தமிழில் எழுதப்போகிற கட்டுரைகளும் நூல்களும் இந்தப் பட்டியல்களின் மேற்கோள் கணக்கில் மிகக் குறைவாகத்தான் சேரும். அந்தத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கில இதழ்களையே எண்ணுகின்றன. தமிழ் ஆய்வுக்கு இடம் தேடும்போது எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, நூலகத்தில் என்ன இருக்கிறது, யார் வழிகாட்டுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். வருடத்துக்கு ஓர் ஆங்கிலக் கட்டுரையும் எழுதி வையுங்கள், வேலை தேடும்போது கேட்பார்கள்.

பின்குறிப்பு: மகளை இளங்கலையில் சேர்க்கத் தரவரிசை பார்க்கலாமா என்று கேட்ட அண்ணனுக்கு. மேலே சொன்ன ஆய்வுக் கணக்கு எதுவும் முதலாண்டு வகுப்பறையைத் தொடுவதில்லை. அந்தப் படிப்புக்கு எம்கியூஏ (மலேசியத் தகுதி நிறுவனம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களின் இணையப் பதிவேட்டில் முதலில் பாருங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வளாகத்துக்கே போய், அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் பேசிவிட்டு வாருங்கள்.