மறு: பல்க் டென்சிட்டிக்குத் தமிழில் என்ன? (டன்னிலிருந்து யூனிட்)

வணக்கம்.

நம் கட்டுமானக் கையேட்டில் பல்க் டென்சிட்டிக்கு (குவியலாகக் கிடக்கும் மணல், சிமெண்ட் போன்றவை கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற எண்) எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற இந்த இழை நீண்டுவிட்டது. ஆளுக்கொரு சொல் வைத்தாகிவிட்டது, ஆனால் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதிலேயே நாம் ஒத்துப்போகவில்லை என்று தோன்றுகிறது. அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சொல்லுக்கு அப்புறம் வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> அடர்த்தி என்று நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? எடையை அடர்த்தியால் வகுத்தால் கன அளவு. பள்ளிக்கூடப் பாடம்தானே.

ஐயா, இங்கேதான் வழுக்குகிறது. மணல் என்பது துகள் துகளாகக் கல்தான், அந்தக் கல்லின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 2650 கிலோ. 20 டன் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லோடு வருகிறது என்று வையுங்கள். 2650-ஆல் வகுத்தால் ஏழரை கன மீட்டர் வரும், இரண்டே முக்கால் யூனிட்கூட இல்லை. (யூனிட் பழக்கமில்லாதவர்களுக்கு: தமிழ்நாட்டில் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர்.) ஆனால் லாரியில் டேப் வைத்துப் பார்த்தால் நாலு யூனிட்டோ அதற்கு மேலோ இருக்கும். மிச்சம் எல்லாம் காற்று. துகளுக்கும் துகளுக்கும் நடுவில் கிடக்கும் வெற்றிடம் குவியலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது, தளர்வாகக் கொட்டிய மணலில் நாற்பது சதவீதம்கூட ஆகும். ஆக நமக்கு வேண்டியது கல்லின் அடர்த்தி இல்லை, கல்லும் காற்றும் சேர்ந்து கிடக்கிற குவியலின் அடர்த்தி.

சிமெண்டில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். எம்20 என்ற தரக் கான்கிரீட்டுக்குச் சிமெண்ட், மணல், ஜல்லி 1 : 1½ : 3 என்று கலவை போடுகிறோம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு உலர்ந்த பொருள்களின் கன அளவு 1.54 என்று எடுப்பது வழக்கம் (அந்த 1.54 வருவதே இந்த வெற்றிடத்தால்தான், ஜல்லியின் இடுக்கில் மணல் போகிறது, மணலின் இடுக்கில் சிமெண்ட் போகிறது, மூன்றும் சேர்ந்து ஒன்றாக அடங்கிவிடுகின்றன). 1.54-ஐ 5.5-ஆல் வகுத்தால் சிமெண்ட் 0.28 கன மீட்டர், அதைச் சிமெண்டின் பல்க் டென்சிட்டியான 1440-ஆல் பெருக்கினால் 403 கிலோ, 50 கிலோ மூட்டையில் எட்டு. களத்தில் எல்லோரும் வாயால் சொல்லும் அதே எட்டு. இப்போது கையேட்டில் வெறுமனே ‘அடர்த்தி’ என்று எழுதிவிடுகிறோம், படிப்பவர் இணையத்தில் சிமெண்டின் அடர்த்தியைத் தேடுகிறார், 3150 என்று துகளின் அடர்த்தி கிடைக்கிறது, அதைப் போட்டுப் பெருக்கினால் பதினேழு மூட்டையைத் தாண்டிவிடும். எண் சரி, சூத்திரம் சரி, எடுத்த அடர்த்தி வேறு.

அதனால் தனிச்சொல் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

> களத்தில் யாரும் இப்படி ஒரு சொல்லைப் பயன்படுத்துவதே இல்லை. நாம் புத்தகத்துக்காகச் செயற்கையாக உருவாக்குகிறோம்.

சொல் இல்லை என்பது உண்மை. கருத்து இல்லை என்பது உண்மை இல்லை. கிரஷரில் (கல் உடைக்கும் ஆலையில்) போய் நின்று பாருங்கள், முதல் கேள்வியே ‘யூனிட்டுக்கு எத்தனை டன்?’ என்பதுதான். ‘நாலரை டன் நிக்கும் சார்’ என்பார்கள். நாலரையை 2.83-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 1590 கிலோ. அந்த மனிதர் சொன்னது பல்க் டென்சிட்டியைத்தான், பெயரில்லாமல் சொன்னார், அவ்வளவே.

இந்தக் கேள்வி இப்போது இன்னும் சூடாகிவிட்டது என்பதையும் கவனியுங்கள். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் கல்குவாரி சீனியரேஜ் கட்டணம் (வெட்டியெடுக்கும் கல்லுக்கு அரசுக்குக் கட்டுவது) கன மீட்டர் கணக்கிலிருந்து டன் கணக்குக்கு மாறியதை ஒட்டிக் குவாரி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், பிறகு டன்னுக்கு 33 ரூபாய் என்று முடிவானதும் உங்களுக்கு நினைவிருக்கும். கட்டணம் டன்னில், எடைமேடைச் சீட்டு டன்னில், வீடு கட்டுபவர் கேட்பதும் மேஸ்திரி கணக்குப் போடுவதும் யூனிட்டில். நடுவில் ஒரே ஓர் எண் நிற்கிறது, அதை யார் எவ்வளவு என்று வைக்கிறார்களோ அவர்கள் பக்கம் காசு போகிறது. அதே 20 டன்னை 1750-ஆல் வகுத்தால் நாலு யூனிட், 1550-ஆல் வகுத்தால் நாலரை யூனிட். இரண்டுமே புத்தகங்களில் காணக் கிடைக்கும் எண்கள்தான்!

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

‘பரும அடர்த்தி’க்குத்தான் இதுவரை ஆதரவு அதிகம், எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தமிழ்நாட்டு அறிவியல் பாடத்தில் பருமன் என்றால் வால்யூம். அடர்த்தி என்பதே பருமனால் வகுத்து வருவது, அதன் முன்னால் மறுபடி பருமனை ஒட்டினால் என்ன கூடுதலாகச் சொல்கிறோம்? பொதுமக்களுக்கோ பருமன் என்றால் உடல் பருமன். இலங்கை நண்பரின் மடலைப் படித்தபின் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று:

> நீங்கள் எடை என்பது எங்களுக்கு நிறை. நீங்கள் நிறை என்பது எங்களுக்குத் திணிவு. வால்யூம் எங்களுக்குக் கனவளவு. பருமன் என்றால் நாங்கள் ஒரு கணியம் எவ்வளவு பெரியது என்பதற்குச் சொல்வது, விசையின் பருமன் என்பது போல. உங்கள் கையேட்டை யாழ்ப்பாணத்திலிருந்து வாசிக்கிற ஒரு பிள்ளை எதை எதனால் பிரிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. ‘நிறை’ விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் பழைய வழக்கு என்பது என் கட்சி, நிறைகோல் என்றால் தராசுதானே. ஆனால் அந்தச் சண்டையை இந்த இழையில் தீர்க்க முடியாது, தீர்க்கவும் தேவையில்லை. ‘அடர்த்தி’ இரண்டு கரையிலும் ஒன்றுதான், ‘எடை’ எல்லோருக்கும் புரியும், ‘கன அளவு’ எழுதினால் கனவளவு என்று அவர்கள் படித்துக்கொள்வார்கள். பருமனை மட்டும் தவிர்த்துவிட்டால் போதும். யூனிட்டும்கூட அங்கே பெயர்தான் வேறு, கியூப் என்பார்கள், அதே 100 கன அடி.

‘மொத்த அடர்த்தி’: மொத்தம் என்றதும் கூட்டுத்தொகை நினைவுக்கு வருகிறது, இல்லாவிட்டால் மொத்த வியாபாரம். வேண்டாம். ‘திரள் அடர்த்தி’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அக்ரிகேட்டையே (கான்கிரீட்டில் போடும் மணல், ஜல்லி) திரள் என்று சிலர் எழுதுகிறார்கள், அப்போது சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் அது ஒட்டாது.

‘அலகு எடை’ என்று ஒருவர் வைத்தது பொறியாளர் காதுக்குப் பழகியது, சுமைக் கணக்கில் ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 875 முதல் பகுதியில் இருப்பதும் யூனிட் வெயிட் பட்டியல்தான். சிக்கல் என்னவென்றால், களத்தில் போய் ‘யூனிட் எடை’ என்றால் நாலரை டன் என்று பதில் வரும்! அவர்களுக்கு யூனிட் என்பது ஒரு கன மீட்டரோ ஒரு கன அடியோ இல்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் என்றால் எஸ்டிமேட் போடுகிறவன் செத்தான்.

என் வாக்கு ‘குவியலடர்த்தி’க்கு. குவியலின் அடர்த்தி, காற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறோம் என்பது பெயரிலேயே தெரிகிறது, எட்டாவது படித்த மேஸ்திரிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சுருக்கமாகக் ‘குவியடர்த்தி’ என்று வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். குவி என்றதும் குவிலென்ஸும் குவியமும்தான் இயற்பியல் படித்தவர்களுக்கு நினைவு வரும், ஓர் ‘அல்’லை மிச்சம் பிடிக்கப் போய் அந்தக் குழப்பத்தை ஏன் வாங்குவானேன்.

இதற்கு எதிராக வந்த கேள்வி ஒன்றுதான் எனக்குக் கனமாகப் பட்டது.

> குவியல் என்றால் தளர்வாகக் கொட்டியது மட்டும்தானே? அமுக்கி நிரப்பினால் அதுவும் குவியலா?

நெல்லை அளக்கும்போது குவித்து அளப்பதும் தலைவழித்து அளப்பதும் வேறு வேறு என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆனாலும் இரண்டுக்கும் மரக்கால் ஒன்றுதான். இங்கேயும் அப்படியே வைக்கலாம், பெயர் ஒன்று, நிலையைத் தனியாகச் சொல்வோம். ஐ.எஸ். 2386 மூன்றாம் பகுதியே இரண்டு நிலைகளைப் பிரித்துத்தான் அளக்கச் சொல்கிறது. ஒன்றில், பாத்திரத்தின் விளிம்புக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் உயராமல் கரண்டியைப் பிடித்துக் கொட்ட வேண்டும். மற்றதில் மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் 16 மில்லிமீட்டர் கம்பியால் 25 முறை குத்த வேண்டும். ஆகவே பட்டியலில் ‘குவியலடர்த்தி’ என்று மேலே போட்டு, அதன் கீழே ‘கொட்டியது’, ‘குத்தியது’ என்று இரண்டு பத்தி வைத்தால் முடிந்தது. கொட்டடர்த்தி, குத்தடர்த்தி என்று தனித்தனிச் சொல் ஆக்க வேண்டுமா? ஆக்கலாம், எனக்கும் கை அரிக்கிறது, ஆனால் பத்தித் தலைப்பு செய்கிற வேலைக்குப் புதுச்சொல் எதற்கு.

லாரி லோடு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. கிரஷரில் வாரிப் போட்டபோது ஓர் உயரம், குலுங்கிக் குலுங்கி ஊர் வந்து சேரும்போது வேறு உயரம். ‘லோடு அமுங்கிப்போச்சு’ என்று டிரைவர் சொன்னால் அது எப்போதும் சாக்கு இல்லை.

அப்புறம் ஈரம். இதைப் பற்றி இழையில் யாருமே பேசவில்லை, ஆனால் எண்ணை அதிகம் புரட்டிப் போடுவது இதுதான். காய்ந்த மணலில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் ஒவ்வொரு துகளையும் சுற்றி நீர்ப்படலம் கட்டி, அதன் இழுவிசையால் துகள்கள் நெருங்க முடியாமல் விலகி நிற்கின்றன. ஐந்து சதவீத ஈரத்துக்கே கன அளவு கால்வாசி கூடலாம், பொடி மணலில் அதற்கும் மேல். இன்னும் தண்ணீர் ஊற்றி முழுக்க நனைத்துவிட்டால் படலம் உடைந்து மணல் பழைய அளவுக்கே இறங்கிவிடும். கள சோதனை இதை வைத்துத்தான்: ஈரமணல் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்து, தண்ணீரில் நனைத்துக் குத்தியபின் 12-க்கு இறங்கினால் 25 சதவீதம் ஏறியிருந்தது என்று அர்த்தம். கன அடியில் வாங்குபவருக்கு இதில் நஷ்டம். டன்னில் வாங்குபவர் மட்டும் தப்பினாரா என்றால் அதுவும் இல்லை, 20 டன்னில் ஐந்து சதவீத ஈரம் என்றால் ஏறக்குறைய ஒரு டன் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறார்.

ஈரத்தால் மணல் இப்படிக் கன அளவில் கூடும் ‘பல்கிங்’குக்குப் ‘பருத்தல்’ என்று கையேட்டு வரைவில் இருக்கிறது. ‘உப்பல்’ என்று மாற்றலாம் என்பது என் யோசனை. மணல் உப்பியிருக்கிறது என்று சொன்னாலே விஷயம் புரிந்துவிடுகிறது, உப்பல் சதவீதம், உப்பல் திருத்தம் என்று தொடரவும் வசதி. உப்புச் சத்தோடு குழம்பும் என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். மணலில் உப்பு இருப்பதும் ஒரு பிரச்சினைதான், கடற்கரைப் பக்கம் கேட்டுப் பாருங்கள், ஆனால் உப்பும் உப்பலும் ஒரே வாக்கியத்தில் வந்தாலும் எனக்குக் குழப்பம் தெரியவில்லை. மாற்றுச் சொல் இருந்தால் வையுங்கள்.

கையேட்டுப் பட்டியலில் இப்போதைக்கு நான் போட்டிருப்பது இவை, எல்லாம் கன மீட்டருக்குக் கிலோ: சிமெண்ட் 1440 (50 கிலோ மூட்டை 34.7 லிட்டர், சுமார் 1.23 கன அடி, அளவுப் பெட்டி அடிக்கும்போது 1.25 என்று வைத்துக்கொள்வார்கள்), காய்ந்த மணல் 1450 முதல் 1650, 20 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி 1450 முதல் 1600. கம்பியை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன், அதில் காற்று கிடையாது, 7850 என்பது எங்கும் 7850-தான், களத்தில் மில்லிமீட்டரில் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து மீட்டருக்கு எத்தனை கிலோ என்று பார்த்துவிடுவார்கள். செங்கலையும் எண்ணித்தான் வாங்குகிறோம்.

எம்-சாண்ட், பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான பொடி மணல்), கிரஷர் பொடி மூன்றுக்கும் வரிசை காலியாக இருக்கிறது. குவாரிக்குக் குவாரி மாறும் என்பதால் புத்தக எண்ணைத் தூக்கிப் போட மனமில்லை. கையில் அளந்த எண் வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள், கூடவே எத்தனை லிட்டர் பாத்திரம், கொட்டியதா குத்தியதா, ஈரமா காய்ந்ததா என்பதையும் எழுதுங்கள், அது இல்லாத எண்ணைச் சேர்க்க மாட்டேன்.