புதுப்பிப்பு: போஞ்சித் தடிகள் காற்றில் சாய்வது நின்றது (பண்டாரவளை)

போன மாதம் கேட்டிருந்தேன்: போஞ்சிக்கு நட்ட ஒற்றைத் தடிகள் தென்மேல் காற்றில் சாய்கின்றன, நைலோன் கயிற்றில் கொடி வழுக்கி இறங்குகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கூடார வடிவில் கட்டச் சொன்ன அண்ணாவின் யோசனைதான் சரிவந்தது. 8 அடி டர்பன்டைன் (யூக்கலிப்டஸ் வகை) மரக் கம்புகளை, அலவாங்கால் குழி போட்டு ஒன்றரை அடி ஆழம் இறக்கினேன். இரு வரிசைக்கும் இடையில் இரண்டரை அடி. எதிரெதிர்க் கம்புகளைத் தலைக்கு அரை அடி கீழே குறுக்காகச் சேர்த்து, அந்தக் கவட்டையில் நீளக் கம்பொன்றைப் படுக்கவைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். முந்தி இந்த முகட்டுக் கம்பு இல்லாததால் ஒவ்வொரு தடியும் தனியாகக் காற்றைத் தாங்கியது. வரிசையையும் காற்று வீசும் திசையோடு ஒத்துப் போட்டேன். குறுக்கே நின்றால் இலை நிறைந்த கொடி பாய்மரம்போலக் காற்றை வாங்கும்.

நைலோனுக்குப் பதில் தும்புக்கயிறு. அதன் சொரசொரப்பில் கொடி நன்றாகப் பிடிக்கிறது. கையால் சுற்றிவிடுவதானால், மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக (கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்) சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் அவிழ்ந்துவிடும்.

எதிர்பாராதது ஒன்று: கம்பு போதாமல் நட்ட பச்சைக் கிளிரிசிடியா (வேலிக்கு நடும் மரம்) கம்புகள் நான்கும் வேர்விட்டுத் துளிர்த்து, போஞ்சிக்கு நிழல் கட்டின. அதுதான் கிடைக்கும் என்றால் பட்டையை முழுக்க உரித்து, நன்றாகக் காயவைத்து நடுங்கள்.