பத்து மாவுங் மீன் மையத்தால் ஏழைக்கு ஏதாவது கிடைச்சிருக்கா?

நாசிலெமாக் அக்கா:
விடியக்காலை 4 மணிக்கு எழுந்து நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டி, பினாங்கு பத்து மாவுங் பக்கம் விற்கிறவள் நான். 11 வருஷமா வேர்ல்ட்ஃபிஷ்ங்கிற மீன் ஆராய்ச்சி மையத்துப் பலகையைப் பார்த்துக்கிட்டேதான் போறேன், வர்றேன். உலக நாடுகள் சேர்ந்து வறுமையைக் குறைக்கிற இடம்னு சொல்றாங்க. நேத்து படிவம் 4 படிக்கிற மக கேட்டா: "மீனுக்குன்னே ஒரு மையம் நம்ம ஊர்ல இருக்கு, அப்புறம் ஏன்மா கெம்போங் மீன் விலை ஏறிக்கிட்டே போகுது?" எனக்குப் பதில் வரல. இதெல்லாம் ஹோட்டல் கூட்டத்தோட முடிஞ்சிடுமா, இல்ல யாராவது ஒரு ஏழை வயித்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கா?

பட்டர்வொர்த் வாத்தியார்:
தங்கச்சி, கெம்போங் கடல்ல பிடிக்கிறது. காத்து, டீசல், வலையில விழுந்தது எவ்வளவு, நடுவுல எத்தனை கை மாறுது, அதுதான் அதோட விலை. அந்தப் பழியை மையத்து மேல போடாதீங்க.

அவங்க பேர் வாங்கினது குளத்துல வளர்க்கிற தெலாப்பியா மீன்ல. 1988இல் பிலிப்பைன்ஸில் ஆரம்பிச்ச வேலை. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாட்டு நீர்நிலைகளிலிருந்து மீன் கொண்டுவந்து, ஆசியாவில் ஏற்கெனவே வளர்த்த ரகங்களோட சேர்த்தாங்க. ஒவ்வொரு தலைமுறையிலும் நல்லா வளர்ந்த குடும்பத்தை மட்டும் பொறுக்கி எடுக்கிற முறை நார்வேக்காரங்க சால்மனில் செஞ்சு பார்த்தது. காசு ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கொடுத்தது. அந்த ரகத்துக்குப் பேர் ஜிஃப்ட். 2000இல் மையத்தோட தலைமையகம் மணிலாவிலிருந்து நம்ம பினாங்குக்கு வந்தது; அந்த மீனை கெடா ஜித்ராவில் வச்சு வளர்த்தாங்க.

வயித்துக்குப் போச்சான்னு கேட்டீங்களே. அந்த மையத்துல வேலை பார்த்த விஜய குப்தா, ஆந்திரா பாபட்லாக்காரர். வங்காளதேசத்தில் நிலமில்லாத பெண்களை ரோட்டோரக் குட்டையில, மழைக்கு மட்டும் தண்ணி நிக்கிற பள்ளத்துல மீன் வளர்க்க வச்சார். 2005இல் உலக உணவுப் பரிசு கிடைச்சது. 2021இல் அதே பரிசு அதே மையத்து சகுந்தலா தில்ஸ்டெட் அம்மாவுக்கு. டிரினிடாட்டில் பிறந்தவங்க, நம்மளை மாதிரியே கப்பலேறிப் போன இந்தியர் வம்சம். கெண்டைக் குளத்திலேயே மோலாங்கிற பொடி மீனையும் சேர்த்து வளர்க்கலாம்னு காட்டினாங்க. கெண்டையை விக்கலாம், மோலாவைக் குழந்தைக்குக் கொடுக்கலாம். தலை, முள் எல்லாத்தோடயும் சாப்பிடணும். வைட்டமின் ஏ அதோட கண்ணிலயும் குடலிலயும்தான் அதிகம்.

கேஎல் தம்பி:
சார் சொன்னது சரிதான், ஆனா மறுபக்கமும் சொல்லிடறேன். தெலாப்பியா தப்பி ஆத்துக்குள்ள போனா உள்ளூர் மீனுக்கு இடமில்லை. தீனி வாங்கக் காசிருக்கிற பெரிய பண்ணைதான் சீக்கிரம் சம்பாதிக்கும். அதைவிட, இந்த வேலையெல்லாம் ஓடுறது அடுத்த நாட்டு வரிப்பணத்தில. பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் உதவியாத் தரணும்னு 1970இல் ஐ.நா. தீர்மானம். தர்ற நாடுகளை விரல் விட்டு எண்ணிடலாம், நார்வே அதில ஒன்னு. அமெரிக்கா 2025 ஜூலையோட, வெளிநாட்டுக்கு உதவி கொடுக்கிற யூஎஸ்எய்ட் அமைப்பையே இழுத்து மூடிட்டாங்க. வங்காளதேசத்துல குட்டையில மீன் வளர்க்கிறவளுக்கு இதில் ஒரு ஓட்டுகூடக் கிடையாது லா.

பட்டர்வொர்த் வாத்தியார்:
ஒத்துக்கிறேன் தம்பி. ஆனா மீன் குஞ்சு வளர்க்கத் தெரிஞ்சுக்கிட்டவளோட குட்டையை யாரும் பூட்ட முடியாது.

நாசிலெமாக் அக்கா:
ரெண்டு பேருக்கும் நன்றி. மககிட்ட படிச்சுக் காட்டினேன். அவ கேட்டா: "அப்போ நீ சம்பலுக்கு நெத்திலித் தலையை ஏம்மா கிள்ளி எறியிற?" நாளைக்குத் தலையோடயே போடறேன். கசக்குதுன்னு எவனாவது கத்தினா, பட்டர்வொர்த்தில் ஒரு வாத்தியார் இருக்கார், அவரைப் போய்க் கேளுன்னு சொல்லிடுவேன்.