கட்சிக்கும் தேசத்துக்கும் மேலே விசுவாசத்தை வைத்தவர்கள்: நீங்கள் சந்தித்தவரைச் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து:

எங்கள் தோட்டத்துச் சபையில் மூப்பராக இருந்த தாத்தா ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். சிலோனில் பிறந்தவர். அங்கே வந்த 1948 குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான அவர் குடும்பத்தை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம், இப்படி நாடற்றுப்போனவர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இந்தியாவின் பங்கில் வந்து, தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம் அவருடையது. “ரெண்டு தேசமும் எங்களைத் தலைக்கணக்குல பங்கு போட்டுச்சு. கர்த்தர்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டார்” என்பார்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரச் செய்தி வந்தபோது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளில் ஒரே கொதிப்பு. அவருடைய சொந்தக்காரர்களும் அங்கே மாட்டியிருந்தார்கள். ஞாயிறு ஆராதனையில் தமிழருக்காக அழுது ஜெபித்தார். அப்புறம் சிங்களச் சபைகளுக்காகவும் ஜெபித்தார். “அவனுங்களுக்கா?” என்று சிலர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கே போனார். “தம்பி, கொன்னவனை நான் நியாயப்படுத்தலை. ஆனா கர்த்தருடைய பந்தியில உட்கார்றவன் அங்கேயும் இருக்கான். அவனை எனக்கு விரோதின்னு சொல்ற அதிகாரம் எந்தக் கட்சிக்கும் கிடையாது.” சொந்தம் பந்தம் தீயில் இருக்கும்போது இப்படிப் பேச எவ்வளவு பலம் வேண்டும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

‘இராயனுடையதை இராயனுக்கு’ என்று வேதம் சொல்கிறபடி, அரசுக்குரியதைக் குறைவில்லாமல் கொடுத்தவர். தேர்தலன்று காலையிலேயே போய் வரிசையில் நிற்பார். ஆலய வாசலில் கட்சிக் கொடி கட்ட மட்டும் ஒருவரையும் விட்டதில்லை. இன்று வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்த ஆராதனையையே நிறுத்தும் சபைகளைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து:

நான் பார்த்தது வேறு மாதிரி. நான் ஆசிரியை. எங்கள் பள்ளியில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, தேசிய கீதத்துக்கு எழுந்து நேராக நிற்பாள், ஆனால் அந்தக் கிறிஸ்தவப் பிரிவின் விசுவாசப்படி பாட மாட்டாள். தேசத்துரோகம் என்று ஒரு பெற்றோர் சத்தம் போட்டார். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மனதாரப் பாடுகிறவள். ஆனாலும் அவள் பக்கம்தான் நின்றேன். கேரளத்தில் இதே காரணத்துக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளின் வழக்கில், 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு. மரியாதையாக எழுந்து நின்றால் அவமதிப்பாகாது, மனசாட்சி தடுப்பவரைப் பாடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். தீர்ப்பின் நகலைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு அந்தப் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார். சிறுமி பத்தாம் வகுப்பு வரை எங்களிடமே படித்தாள்.