முதுகில் ஒட்டிய சீட்டு

என்னுடன் ஒரே கணக்குப் பிரிவில், அடுத்த மேசையில், 11 ஆண்டுகள் வேலை செய்த அக்கா ஒருவர் சூலகப் புற்றுநோயால் இறந்து 7 மாதங்கள் கழிந்த பின்னர், செப்டம்பர் மாத ஞாயிறு காலையொன்றில், ரொறன்ரோவின் ஹை பார்க்கில், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட நடந்த டெரி பொக்ஸ் ஓட்டத்தில் அவருடைய நினைவாக ஓடினேன்.

வயிறு ஊதியிருக்கிறது, இரண்டு வாய் உண்டதுமே நிறைந்துவிடுகிறது என்று அவர் பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாய்வு என்றே இருவரும் நினைத்தோம். வீட்டில் ஓமத் தண்ணீர் காய்ச்சி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்கள் வழமையாகச் செய்துகொள்ளும் பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்தைத்தான் பார்க்கும், சூலகத்தில் வளர்வதைக் காட்டாது என்பதை, நோய் வயிறு முழுவதும் பரவிய பின்னரே அறிந்தோம். உங்கள் வீட்டுப் பெண்களுக்கு இந்த அறிகுறிகள் இரண்டு மூன்று வாரங்கள் விடாமல் இருந்தால், தயவுசெய்து வைத்தியரிடம் கூட்டிச் சென்று சூலகத்தைப் பற்றியும் கேளுங்கள்.

எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த டெரி பொக்ஸ், 1980 ஏப்ரல் 12ஆம் நாள் நியூபவுண்ட்லாந்தில் செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகே நிறுத்தும்வரை, 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். அந்த ஆராய்ச்சிக்காக ஒவ்வொரு கனேடியரிடமும் அவர் கேட்டது ஒரு டொலர். ஆகவே நானும் எங்கள் மதிய உணவு அறையில் ஒரு வெறும் கோப்பித் தகரத்தை வைத்து, ஒரு டொலர் என்றே எழுதினேன். அதுவரை அக்காவைப் பற்றி வாய் திறக்காத பண்டகசாலைப் பையன்கள் காசைப் போட்டுவிட்டு, சம்பளச் சீட்டில் விடுபட்டுப்போன தங்கள் மேலதிக நேரத்தை அவர் தேடிப்பிடித்துச் சேர்த்துக் கொடுத்த கதைகளைச் சொன்னார்கள்.

இந்த ஓட்டத்தில் முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. நடப்பவரும் ஓடுபவரும் ஒன்றாகவே போகலாம். துக்கத்தோடு வருபவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அங்கேதான் உணர்ந்தேன். யாருக்காக ஓடுகிறோம் என்று எழுதி ஒட்டிக்கொள்ளச் சீட்டுத் தந்தபோது, அலுவலகத்தில் எல்லோரும் அழைத்த அந்தச் சுருக்கப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. தமிழில் 'அக்கா' என்று எழுதி முதுகில் ஒட்டிக்கொண்டேன்.

ஏற்றமொன்றில் மூச்சு வாங்கி நான் நடக்கத் தொடங்கியபோது, பின்னால் வந்த வயதான அம்மா ஒருவர், "தம்பி, சொந்த அக்காவோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா, வேலையிடத்து அக்கா."

"அதுவும் சொந்தம்தானே" என்றார். கணவருக்காக ஆண்டுதோறும் வருவதாகச் சொன்னார். அதன்பின் நான் ஓடவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அந்த ஓமத் தண்ணீரைப் பற்றியும், வீட்டில்கூட நான் எவரிடமும் சொல்லாத வேறு பலவற்றையும் சொல்லிக்கொண்டே கிரெனடியர் குளத்தருகே நடந்தேன். முடிவிடத்தில், ஓரம் கழன்றிருந்த என் சீட்டை அவர் உள்ளங்கையால் அழுத்தி ஒட்டிவிட்டு, தன் மகளைத் தேடிச் சென்றார்.